பை மட்டும் வந்தது

செவ்வாய்க்கிழமை, பொழிச்சலூர்

மாலை பள்ளியில் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கூரியர்காரர் வந்துவிட்டார்.

“அக்கா, ஜெர்மனிலேர்ந்து பார்சல். இங்க ஒரு கையெழுத்து போடுங்க.”

பெட்டியின் மேல் மகள் ஜெனியின் கையெழுத்து. உள்ளே நான் கேட்ட பயணப்பை. அங்குள்ள ஒரு கடையின் இணையதளத்தில் படத்தைப் பார்த்து நான்தான் ஆசைப்பட்டேன். அந்தக் கடை இந்தியாவுக்கு அனுப்பாது என்பதால் அவள் தன் விலாசத்துக்கு வாங்கி வைத்தாள். “கிறிஸ்துமஸுக்கு வரும்போது நானே எடுத்துட்டு வரேம்மா” என்றாள். மூன்று வருடம் கழித்து வருகிறாளே என்று அவள் அறைக்குப் புதுத் திரைகூடத் தைக்கக் கொடுத்திருந்தேன்.

பையைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. போன் செய்தேன்.

“லீவு தரலம்மா. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதான் பையை முதல்ல அனுப்பிட்டேன்.”

“பரவாயில்லடி. படத்துல பார்த்ததைவிட கலர் நல்லா இருக்கு.”

“அழறியாம்மா?”

“இல்லடி. மேல ஃபிளைட் போகுது, அதான் உனக்குச் சரியா கேக்கல.”

போனை வைத்த பிறகுதான் பையின் ஜிப்பைத் திறந்தேன். பை நசுங்காமல் இருக்க, காகிதத்துக்குப் பதிலாகத் தன் பச்சை ஸ்வெட்டரை உள்ளே திணித்திருந்தாள். துவைக்காத ஸ்வெட்டர். கழுத்துப் பக்கம் அவள் வாசனை அப்படியே இருந்தது. அதன் கை எனக்குக் கொஞ்சம் நீளம். ஃபேனை முழு வேகத்தில் வைத்துவிட்டு, அதைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். வியர்த்துக் கொட்டுகிறது. கழற்ற மனம் வரவில்லை.