விரதம் இருந்த செல்கள்

இன்று காலை செங்கல்பட்டில் பஸ் ஏறி உட்கார்ந்ததும், பக்கத்து இருக்கைப் பெண் ரோஸ் மில்க் பாட்டிலைத் திறந்தாள். அந்த வாசனைக்கு இறங்கிப் போய்விடலாமா என்றிருந்தது. அதற்குள் பஸ் புறப்பட்டுவிட்டது. திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை மனசுக்குள் உன்னோடுதான் பேசிக்கொண்டு வந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், மாமல்லபுரம் பக்கத்து ஆய்வுக்கூடத்தில் மார்பகப் புற்றுநோய் செல்களைத் தட்டுகளில் வளர்த்தோம். நான் ஆராய்ச்சிக்காரி, நீ டெக்னீஷியன். உண்மையில் அவற்றைப் பிழைக்க வைத்தது உன் கைதான். அவற்றுக்கு ஊட்டும் திரவம் ரோஸ் நிறம். அந்தச் சாயமே லேசாக ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் வேலையைச் செய்துவிடும் என்பதால், சோதனைக்கு மூன்று நாள் முன்பே நிறமில்லாத திரவத்துக்கு மாற்றுவாய். "இன்னிலேர்ந்து இதுங்க விரதம்டி" என்று சொல்லி, தட்டின் மூடியிலும் அதையே எழுதி வைப்பாய்.

மூன்றாம் நாள் ஒரு சொட்டு ஹார்மோன் விடுவோம். அது செல்லுக்குள் போய், அதற்கென்றே காத்திருக்கும் ஏற்பி என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து டிஎன்ஏவில் உட்கார்ந்து, தூங்கிக் கிடந்த மரபணுக்களை எழுப்பும், சிலவற்றை அடக்கும். "ஒரு சொட்டுக்கு இன்னா ஆட்டம் ஆடுது பாரு!" என்பாய்.

பிறகு உனக்கே கட்டி வந்தது. அறுவை முடிந்து, கட்டியில் ஏற்பி இருக்கிறதா என்ற ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தோம். இருந்தால் மாத்திரை உண்டு. ஹார்மோன் உட்காரும் இடத்தில் அது முந்திக்கொண்டு உட்காரும். இருக்கும் என்று நான் அடித்துச் சொன்னேன். நாம் வளர்த்த செல்கள் எல்லாம் அப்படித்தானே? அந்த நாட்களில் ஒருமுறை நீ ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கி, செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் ரோஸ் மில்க் வாங்கினாய். நான் பதறிப்போய்ப் பிடுங்கிக் கீழே கொட்டினேன். "சாயம் வேணாம்!"

"அது வேற சாயம், இது வேற சாயம். என்னை இன்னா தட்டுல வெச்சி வளக்கறியா?" என்று சிரித்தாய். ஆனால் அதற்குப் பிறகு நீயும் தொடவில்லை. என் பயத்துக்காகத்தான் விட்டாய் என்று இப்போது தோன்றுகிறது.

ரிப்போர்ட்டை நீயே பிரித்துப் படித்தாய். ஏற்பி இல்லை. "இதுக்குக் காதே இல்லடி. நாம இன்னா கத்தினாலும் கேக்காது." நான் கற்றது அத்தனையும் காது உள்ள செல்களைப் பற்றியது. ஊசி மருந்துகள் கொஞ்ச காலம் பிடித்து நிறுத்தின. பிறகு அவையும் கைவிட்டன. கடைசி வாரம் ரோஸ் மில்க் வாங்கி வந்தேன். உதட்டை நனைத்துக்கொண்டு, "ருசியே தெரியல" என்றாய்.

இன்றும் தட்டின் மூடியில் 'விரதம்' என்றுதான் எழுதுகிறேன். ஹார்மோன்களைப் பற்றி மேடைகளில் மணிக்கணக்கில் பேசுகிறேன், கைகூடத் தட்டுகிறார்கள். அத்தனை படிப்பையும் வைத்துக்கொண்டு உனக்கென்று நான் செய்தது ஒன்றுதான். நாக்கில் ருசி இருந்தபோது, உன் கையிலிருந்த ரோஸ் மில்க்கைப் பிடுங்கிக் கொட்டினேன்.