உங்களுக்காக உப்பு பார்த்த நாக்கு

அப்பா,

இன்றைக்கு மளிகைக் கடையில் உப்பு வாங்கினேன். கல்யாணமாகி பிரம்மதேசம் வந்த பிறகும் என் வீட்டு ஜாடியில் நம் உப்பளத்து உப்பைத் தவிர வேறு விழுந்ததில்லை. பாக்கெட்டைக் கிழிக்கக் கை வரவில்லை. அடுப்பு மேடையில் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

மரக்காணத்தில் உப்பளம் வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். நீங்கள் மட்டும்தான் பாத்தி பாத்தியாகக் குனிந்து, ஒரு கல்லை நாக்கில் வைத்து, துப்பிவிட்டு, அப்புறம் வாரச் சொல்வீர்கள். உப்பு விளைந்த பிறகு பாத்தியில் மிஞ்சும் பழைய தண்ணீர் கசக்கும். அதை வெட்டி வெளியே விடாமல் வாரினால் உப்பும் கசந்துபோகும். "கருவி வச்சிப் பாக்குறவன் பாக்கட்டும், நமக்கு நாக்கு இருக்குது" என்பீர்கள். அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும்.

அந்தக் காய்ச்சல் வந்து போன பிறகு உங்கள் நாக்கு செத்துப்போனது. அம்மா மறந்துபோய் உப்பே போடாமல் வைத்த மீன் குழம்பை நீங்கள் பேசாமல் சாப்பிட்டு எழுந்தபோதே எனக்குச் சந்தேகம். மறுநாள் வரப்பில் ஒரு கல்லை என்னிடம் நீட்டினீர்கள்.

"நீ சொல்லும்மா."

"கசக்குதுப்பா."

"தண்ணிய வெட்டி உடுங்க!" என்று ஆட்களைப் பார்த்துப் பழைய குரலிலேயே கத்தினீர்கள். பிறகு என்னிடம், "வெளிய சொல்லாத. உப்பளத்துக்காரனுக்கு நாக்கு போச்சின்னா சிரிப்பானுங்க" என்றீர்கள். தம்பிக்குக்கூடத் தெரியாது. வாரா வாரம் நான் பஸ் ஏறி வந்ததெல்லாம் அப்பா மேல் உள்ள பாசம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நான் ரகசியமாகச் சொல்லுவேன். நீங்கள் எல்லோரும் பார்க்க ஒரு கல்லை வாயில் போட்டுத் துப்புவீர்கள்.

பொங்கல் கழிந்து முதல் உப்பு வாரும்போது வரப்பில் சூடம் ஏற்றி, வாரும் பலகையை வாரிசு கையில் கொடுப்பது நம் வீட்டு வழக்கம். அந்த வருஷம் அன்று காலையிலும் ருசி பார்த்துச் சொன்னவள் நான்தான். பலகை தம்பிக்குப் போனது. "பொண்ணு கையில குடுத்தா ஊரு என்னாம்மா பேசும்?" என்று என் முகத்தைப் பார்க்காமல் கேட்டீர்கள். வயிறு எரிந்தது அப்பா. இன்னும் எரிகிறது.

நீங்கள் போன பிறகு வந்த முதல் விளைச்சலில், தம்பி ஒரு கைக்குட்டையில் உப்பை முடிந்துகொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "லோடைத் திருப்பிட்டாங்கக்கா. அப்பா பாக்குற மாதிரிதான் நானும் பாத்தேன்."

நாக்கில் வைத்தேன். கடுங்கசப்பு. அவன் உங்களிடமிருந்து கற்றுக்கொண்டது துப்புவதை மட்டும்தான். அப்போதுதான் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப எனக்கு அவரு குடுத்தது வெறும் பலகையா?"

"அளத்த என்கிட்ட உடுடா. நான் பாத்துக்கறேன்."

கைக்குட்டையை உதறிக்கொண்டே எழுந்தான். "ஊரு என்னாக்கா பேசும்?" என்றான். உங்கள் குரலேதான்.

அளம் இப்போது இறால் பண்ணைக்காரரிடம் இருக்கிறது. போன வாரம் போய்ப் பார்த்தேன். பாத்திகளைத் தோண்டிக் குளமாக்கிவிட்டார்கள். நாம் நின்ற வரப்பு இல்லை.

பாக்கெட்டைக் கிழித்துவிட்டேன். பழக்க தோஷம், ஒரு துளி நாக்கில் வைத்துத் துப்பினேன். கசக்கவில்லைப்பா. அதைக் கேட்டு ஆட்களை வாரச் சொல்ல இனி யாரும் இல்லை.