கிழவனின் உயிலுக்கு எந்த வீடு

அன்புள்ள யாதிரா அக்காவுக்கு,

இதனால் சகல உற்றார் உறவினருக்கும், கடல் தாண்டி ஸ்பெயினில் கீரை அடுக்கும் உனக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது என்னவென்றால், இந்த வருடக் கிழவன் பொம்மையின் இடது காலைப் பக்கத்து வீட்டு தார்ஹெலியா அம்மாளின் நாய் கடித்துக் குதறிவிட்டது. மரத்தூள் தெரு முழுக்க. போகிற வருடத்துக்குப் பதிலாக டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி நள்ளிரவில் தெருவில் எரியப் போகிறவன்தான், அதற்காக நொண்டியாகவா அனுப்புவது என்று அம்மா என் பள்ளிக்கூடக் கால்சட்டையை வெட்டிக் கால் தைக்கிறாள். மற்றபடி நாங்கள் எல்லாரும் சௌக்கியமாக உண்டு உறங்குகிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதை முதல் வரியாகப் போடச் சொன்னார் அப்பா. நாய் முந்திக்கொண்டது.

சொல்வது அப்பா, தட்டுவது நான். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இரண்டு கண்ணிலும் கட்டு. போனில் உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவாராம், கட்டு நனையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம், அதனால்தான் கடிதம். சலூன் பூட்டிக் கிடக்கிறது. தெருவில் பாதிப்பேர் தலை காடாகத் திரிகிறார்கள், வேறு யாரிடமும் தலையைக் கொடுக்க மாட்டார்களாம். அப்பா திண்டாடித்தான் போயிருக்கிறார். காப்பிக் கோப்பையைத் தேடிக் கை மேசை மேல் தடவிக்கொண்டே போகிறது, நான் நகர்த்தி வைத்து விளையாடினேன், அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். இதை எழுதாதே என்கிறார், எழுதிவிட்டேன்.

விஷயம் என்னவென்றால் மகளே என்று ஆரம்பிக்கிறார். கிழவனை எரிக்கும் முன் தெருவில் படிக்கிறோமே, சாகப் போகிறவன் ஆளுக்கொன்று விட்டுச் செல்லும் கேலிப் பாட்டு, அந்த உயிலை இந்த வருடம் அப்பாவால் எழுத முடியவில்லை. எழுதிப் பார்த்துத் திருத்தித் திருத்தித்தான் அவருக்குப் பாட்டு வரும், சொல்லச் சொல்ல வராது. அதனால் பழைய உயில்களில் நல்லதாகப் பொறுக்கி நான் சத்தமாகப் படிக்க வேண்டும், அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பார். தார்ஹெலியாவுக்கு என் நாக்கை விட்டுச் செல்கிறேன், அவளுடையது தேய்ந்திருக்கும் என்று எழுதினாரே, அந்த வருடத்துடையது கட்டாயம் வேண்டுமாம். காகிதம் எல்லாம் அந்தந்த வருடமே கிழவனோடு எரிந்துபோயிற்று. நீ ஊரை விட்டுப் போகும் முன் இலவசமாகத் திறந்து வைத்தாயே வலைப்பூ, அதில் மட்டும்தான் இருக்கிறது. அங்கே உன்னோடு லோர்க்கா ஊரில் இருக்கும் நம் தெருக்காரர்களும் அன்றைக்கு அதில்தானே படிப்பீர்கள்.

அதிலும் ஒரு சண்டை. அந்த இலவச வலைப்பூவில் இப்போது விளம்பரம் போடுகிறார்கள், அதுவும் வழுக்கைக்கு மருந்து. ஒரு முடிதிருத்துபவனின் பாட்டுக்குப் பக்கத்தில் வழுக்கையா என்று அப்பா கொதித்தார். வாடகை வீட்டில் ஏன் இருக்க வேண்டும், புது வலைத்தளம் முழுவதையும் நானே நிரல் எழுதிக் கட்டுகிறேன், உங்கள் கண் கட்டு அவிழ்வதற்குள் நான் கட்டிவிடுவேன் என்று சொன்னேன். அப்பாவுக்கு இப்போது சந்தேகம். டேய் வெல்லிங்டன், கடை தயாராக இருக்கும்போது நாற்காலி போட்டு முடி வெட்டாமல் செங்கல் அறுப்பானா ஒருத்தன் என்கிறார். காசு கட்டினால் விளம்பரம் போய்விடுமாமே, அதையே செய்தால் என்ன என்கிறாள் அம்மா. கடைச்சட்டை யாருக்கும் சரியாக இருக்காது அம்மா, இது அளவெடுத்துத் தைப்பது என்றேன். அப்படியா, பொத்தானாவது வைத்திருக்கிறாயா என்று கேட்டாள். அப்பாவால் திரையைப் பார்க்க முடியாது, அம்மாவுக்குப் பார்த்தாலும் புரியாது, இருவரும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் ஆரம்பித்தவள் நீ, தீர்ப்பும் நீயே சொல் என்கிறார் அப்பா. புதிதாகக் கட்டுவதா, இருப்பதிலேயே இருப்பதா? நீ சொன்னால்தான் இவன் கேட்பான், சீக்கிரம் சொல்.

குளிரில் காதை மூடிக்கொள். வேலையில் குனிந்தே நிற்காதே, இடையில் நிமிர்ந்துகொள். அங்கே தங்கும் அனுமதிக் காகிதம் கிடைக்காததால் இந்த வருடமும் வர முடியவில்லை என்று மனம் தளராதே, வரும்போது வா, உன் கட்டில் அப்படியே இருக்கிறது. கடவுள் உன்னைக் கைவிடமாட்டார். வருடம் பிறக்கும் நள்ளிரவில், அதிர்ஷ்டத்துக்கு மணியோசைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு திராட்சையும் விழுங்க மறக்காதே. கையெழுத்துப் போட முடியாது, அதற்குப் பதில் நெற்றியில் ஒரு முத்தம் என்று எழுதச் சொன்னார்.

இப்படிக்கு உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அப்பா எலியோடோரோ

பின்குறிப்பு: இது அப்பா சொன்னதில்லை. நீ தீர்ப்பு சொல்ல வேண்டாம் அக்கா. நான் கட்டியது பழைய வலைப்பூவிலிருந்து எல்லாவற்றையும் இழுத்துவிட்டது என்று நினைத்தேன், வரிசையாகத் தலைப்புகள் தெரிந்தன. பழைய வருடக் கிழவனை எரித்து, அந்தத் தீயைத் தாண்டிக் குதித்துத்தானே புது வருடத்துக்குள் போவோம் என்று பெரிய சடங்காகப் பழையதை அழித்தேன், குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். பிறகு ஒரு தலைப்பைத் திறந்தால் கீழே ஒன்றும் இல்லை. அடுத்ததிலும் இல்லை. எதிலுமே இல்லை. நான் கட்டியதில் நிஜமாக வேலை செய்வது பின்னணி நிறம் மாற்றும் பொத்தான் ஒன்றுதான். உன் போனில், அங்கே யாருடைய போனிலாவது, ஒரு உயிலாவது படமெடுத்து வைத்திருந்தால் அனுப்பு, அந்த நாக்கு வருகிற உயிலாக இருந்தால் ரொம்ப நல்லது. என்னடா, முத்தத்துக்கு அப்புறமும் தட்டுகிறாய் என்று அப்பா கேட்கிறார். பிழை திருத்துகிறேன் அப்பா என்றேன்.