ஓரத்தில் அளந்த டிஸ்க்

2016 ஜூன் 4, சனி

கலஹா வாழ் பொதுமக்களுக்கு ஒரு முக்கிய அறிவித்தல்: வேன்கார செல்லச்சாமியின் மகள் யசோதாவின் மூக்கு, இன்று பிற்பகல் மூன்று மணிக்குப் பாடசாலை ஆய்வுகூடத்து வேர்னியரால் அளக்கப்பட்டு, நாற்பத்தொரு தசம் இரண்டு மில்லிமீற்றர் என உறுதிசெய்யப்பட்டது. அளந்தவர் அவளுடைய அண்ணன், அதாவது நான். வேர்னியர் திங்கட்கிழமை ஆய்வுகூடத்துக்குத் திரும்பிவிடும். கேட்டு எடுத்தேனா என்பது வேறு விஷயம்.

ஜூன் 5, ஞாயிறு

பிரேக் பிடித்தால் அப்பாவின் வேனில் ஸ்டியரிங் நடுங்குகிறது. பேராதனைக்கு இறக்கம் முழுக்கப் பதினொரு பள்ளிப்பிள்ளைகளும் சேர்ந்து நடுங்குகிறார்கள். கட்டுகஸ்தோட்டை கராஜ் ஷிராஸ் நானா போன கிழமையே சொல்லிவிட்டாராம்: "செல்லச்சாமி அண்ணே, முன் பிரேக் டிஸ்க் ரெண்டும் நல்லா தேஞ்சி போயீக்கி. கடஞ்சி சரிவராது. புதுசு போடுங்க."

அப்பாவுக்கு மனசில்லை. லேத்தில் கொடுத்து முகத்தைக் கடைந்து மட்டமாக்கினால் இன்னும் ஒரு வருஷம் ஓடும் என்கிறார். இன்று தானே முன் சக்கரங்களைக் கழற்றி, டிஸ்க் இரண்டையும் முற்றத்தில் வைத்தார்.

"இருவதுன்னு வெட்டியிருக்கு பாரு. கனம் அதுக்குக் கீழ போனா ஆகாது. அளக்கத் தெரியுமாடா ஒனக்கு?"

அப்பா என்னிடம் ஒன்றைக் கேட்டது இதுதான் முதல் தடவை. இதுவரை எல்லாம் "நீதானே செஞ்ச?" வகைக் கேள்விகள். வேர்னியரை எடுத்து ஸ்டைலாகக் கவ்வவைத்தேன். 21.8. மற்றதும் அப்படியே.

"தாராளமா கடையலாம்பா."

"நிச்சயமா?"

"ஷிராஸ் நானா கண்ணால அளந்தாரு. நான் கருவியால அளந்திருக்கேன்."

தோளில் தட்டினார். கிரீஸ் கை. வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் அச்சாக இருக்கிறது. அம்மாவைத் துவைக்க விடமாட்டேன். பதக்கம்!

ஜூன் 6, திங்கள்

லேத் கடைக்காரர் "அளந்து பாக்கவா?" என்று கேட்டாராம். "மகன் அளந்துட்டான்" என்றாராம் அப்பா. டிஸ்க் இரண்டும் கண்ணாடி மாதிரி பளபளப்பு. நடுக்கம் போய்விட்டது. வேர்னியரும் வந்த வழியே போய்விட்டது. எஞ்சினியர் துரை தூங்கப் போகிறார்.

ஜூன் 8, புதன்

காலையில் யசோதா ரொட்டியைத் தூக்கிப் பிடித்து முறையிட்டாள். "அம்மா, ஓரம் மட்டுந்தான் மொத்தமா இருக்கு. நடுவுல கடதாசி."

"ஒன் மூக்குக்கு அது போதும்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது.

டிஸ்க்கின் ஓரத்தில் என் நகம் ஒரு மேட்டில் தட்டியது நினைவிருக்கிறது. பிரேக் கட்டை அந்த ஓரத்தைத் தொடாது. ஆகவே அங்கே தேயாது. நான் வேர்னியரைக் கவ்வவைத்தது அந்த மேட்டின் மேல்தான். தேய்ந்த நடுவை அளக்கவே இல்லை.

அப்படியென்றால் உண்மைக் கனம் எவ்வளவு? அதற்கு மேலும் கடைந்துவிட்டார்களே — இப்போது எவ்வளவு?

ஜூன் 9, வியாழன்

சொல்லவில்லை.

ஜூன் 10, வெள்ளி

விடியவே போய் வேனின் இரண்டு டயரில் காற்றைத் திறந்துவிட்டேன். ஒரு நாளாவது ஓடாமல் இருக்கட்டும் என்று. பிள்ளைகள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனார்கள். கேட்காமலே அப்பா என் காதைப் பிடித்தார். "டயர்ல இருந்த காத்தெல்லாம் ஒன் மண்டைக்குள்ள ஏறிருச்சாடா?" காது இன்னும் சுடுகிறது. சுடட்டும்.

ஏன் என்று அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியாது. கேட்காதது நல்லதாகப் போயிற்று என்று ஒரு நிமிஷம் நினைத்தேனே, அதை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

ஜூன் 13, திங்கள்

இறக்கத்தின் கடைசி வளைவு. கருகிய வாடை வந்தது. அப்பா பிரேக்கை மிதித்தார், மிதித்தார், மிதித்தார். வேன் கேட்கவில்லை. கியரைக் குறைத்து மண்மேட்டோடு உரசி நிறுத்தினார். யாருக்கும் காயமில்லை. எனக்குப் பக்கத்தில் யசோதா முன் சீட்டின் முதுகில் இரண்டு கையையும் ஊன்றியபடி இருந்தாள். எடுக்கச் சொல்லியும் எடுக்கவில்லை. சின்னப் பிள்ளைகள், டயர் காற்றைப் போல இதுவும் என் வேடிக்கை என்று நினைத்து, என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அது அடி வாங்குவதைவிட மோசம்.

பின்னேரம் அப்பா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "கால்ல பலம் கொறஞ்சிருச்சு போல. சரியா அமத்தல. இனிமே வேற யாரையும் ஓட்டச் சொல்லுவோம்."

காலாம்! ஐயோ அப்பா, கால் இல்லப்பா, காலே இல்ல.

அதே நாள், சாப்பாட்டுக்கு முன்

சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு நேர் எதிரே நின்று, நெஞ்சை நிமிர்த்தி, கண்ணைப் பார்த்து, ஒரு சொல் விடாமல். நான் கோழையல்ல என்பதை வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

ஜூன் 14, செவ்வாய்

பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வேனை முதல் கியரில் ஊர்ந்து கராஜுக்குக் கொண்டுபோனோம். ஷிராஸ் நானா நோன்பில் வாடியிருந்தார். வேர்னியரை ஓரத்தில் வைக்காமல் உள்ளே தள்ளி அளந்தார். 18.9.

"யா அல்லாஹ்! இதுலயா புள்ளையள ஏத்தின? யாரு அளந்த?"

நான் வாயைத் திறக்குமுன் அப்பா சொன்னார்: "நாந்தான் நானா. தெரியாம அளந்துட்டேன்."

ஷிராஸ் நானா அப்பாவைக் கால்மணித்தியாலம் ஏசினார். அப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். நான்தான் என்று அங்கேயும் சொல்லவில்லை.

ஜூன் 26, ஞாயிறு

புது டிஸ்க் போட்டு இரண்டு கிழமை ஆகப்போகிறது. ஓட்டுவது அப்பாதான். கிரீஸ் சட்டையை நானே துவைத்தேன்; நான்கு விரல் போய்விட்டது, ஒன்று போகவில்லை.

இன்று சக்கரத்தைக் கழற்றிவைத்துக் கூப்பிட்டார். ஷிராஸ் நானாவிடம் வேர்னியர் இரவல் வாங்கி வந்திருந்தார். "கட்டை தேஞ்சிருக்கான்னு பாரு. நாலு எடத்துல அள." நான் எட்டு இடத்தில் அளந்தேன். அவர் ஒன்பதாவது இடத்தை விரலால் காட்டினார்.

பதின்மூன்றாந் திகதி எழுதியதைத் திருத்த வேண்டும். நேர் எதிரே நிற்கவில்லை. நெஞ்சு, கண் எதுவும் இல்லை. கக்கூஸுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கதவுக்குப் பின்னால் நின்று கத்தினேன். அழுதும்விட்டேன். அப்பா வெளியே இருந்து கதவை ஒரு விரலால் தட்டி, "வெளிய வா. சோறு ஆறுது" என்றார்.