பன்னிரண்டு நாள் நடந்த கனகுவுக்கு

அன்புள்ள கனகு,

உன்னை இப்படிக் கூப்பிட்டுப் பல வருடமாகிறது. என் தங்கை வசந்தியை நீ கட்டிய நாளோடு நம் வாடா போடாவெல்லாம் நின்றுபோய், "வாங்க மாப்ளே", "சொல்லுங்க மச்சான்" என்று இருவருமே மரியாதைக்காரர்கள் ஆகிவிட்டோம். இந்தக் கடிதத்தில் மட்டும் பழையபடி நீ என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டாய்.

போன மாதம் நம் டீ ஃபேக்டரியில் மருத்துவ முகாம் நடந்தது. நர்ஸம்மா என்னை எடை மெஷினில் ஏற்றி எழுபத்தொன்பது என்றார். பழைய சீட்டில் நூற்றிருபத்தொன்று என்று இருந்தது. "இது உங்க சீட்டுதானுங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். டாக்டர் என்னை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, எப்படிக் குறைத்தேன் என்று நான்கு வார்த்தை பேசச் சொன்னார். நடந்தேன், சர்க்கரையை விட்டேன், சோற்றைப் பாதியாக்கினேன் என்றேன். கை தட்டினார்கள். "யாரைப் பாத்துங்க ஆரம்பிச்சீங்க?" என்று கொழுந்து பறிக்கிற பெண் ஒருத்தி கேட்டாள். "நானாத்தானுங்க" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். உன் பெயர் தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டேன். அந்தப் பொய் என்னைத் தூங்கவிடவில்லை.

நம் இருவரையும் உனக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. ஆனாலும் எழுதிப் பார்க்கிறேன். நீ இலை வாட்டும் மாடியில், நான் இலை லாரியில். கீழ் கோத்தகிரியில் நாம் இருவரும் ஒரே பைக்கில் போனால் டயர் பாவம் என்று சொல்லாத ஆளில்லை. சொன்னவர்களோடு சேர்ந்து நாமும் சிரிப்போம். உள்ளே வலித்ததா கனகு? எனக்கு வலித்தது. உன்னிடம் நான் கேட்டதேயில்லை.

பிறகு பச்சைத் தேயிலையின் விலை விழுந்தது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று தோட்டங்களை அப்படியே விட்டார்கள். செடிகள் மரமாக வளர்ந்து நின்றன. ஃபேக்டரி வாரத்துக்கு மூன்று நாள் என்றானது. மிச்ச நாளெல்லாம் நாம் பேக்கரி பெஞ்சில் கிடந்தோம். சுடச்சுட வர்க்கி, சர்க்கரை தூக்கலாக டீ, மறுபடியும் வர்க்கி. ஊரே கவலையில் இளைத்தது. நாம் கவலையைத் தின்று பருத்தோம்.

அந்தச் சமயத்தில்தான் உனக்கு நடக்கும்போது நெஞ்சு பிடித்தது. குன்னூர் டாக்டர் உன்னிடம், எடையைக் குறைக்காவிட்டால் இதயம் தாங்காது என்று சொல்லி அனுப்பினார். மறுநாளே நீ ஒரு கேன்வாஸ் ஷூ வாங்கினாய். காலையில் பனி விலகுவதற்குள் எஸ்டேட் ரோட்டில் இறங்கிவிடுவாய். மத்தியானத்துக்குச் சாமைச் சோறும் அவித்த பீன்ஸும். முதல் நாளே என் வாசலில் வந்து நின்றாய்.

"மச்சான், கூட வாங்க. ரெண்டு பேருமாப் போனா மூச்சு வாங்கறது தெரியாது."

"நீங்க போங்க மாப்ளே. நாளைக்கு வர்றேன்."

பதினொரு நாள் இதே பதிலைச் சொன்னேன்.

பன்னிரண்டாம் நாள் நீ நடந்து திரும்பும்போது பேக்கரியில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். நானும் இருந்தேன். உன் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. முகம் சிவந்து, ஆனால் என்னவோ சந்தோஷமாக இருந்தாய். அப்போதுதான் நான் எழுந்து நின்று சொன்னேன்.

"ஏனுங்க மாப்ளே, ஃபேக்டரி மூணு நாளானதும் ரோடு அளக்கற வேலைக்குச் சேந்துட்டீங்களா? பாத்து நடங்க. ரோடு அமுங்கிடப் போகுது!"

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் ஒரு வர்க்கியை எடுத்து நீட்டினேன். வாங்கிக் கடித்தாய். மறுநாள் காலை உன்னை ரோட்டில் காணோம். அதற்கு மறுநாளும் காணோம்.

எனக்கு அப்போது வருத்தம் வரவில்லை என்பதை உன்னிடம் சொல்லியாக வேண்டும். நிம்மதிதான் வந்தது. நீ இளைத்துவிட்டால் அந்தப் பெஞ்சில் நான் மட்டும் குண்டனாக உட்கார்ந்திருக்க வேண்டுமே என்று பயந்திருந்தேன். அதற்காகத்தான் அந்தப் பேச்சு. தமாசு என்று ஊருக்குச் சொல்லலாம். உனக்கு எப்படிச் சொல்வேன்?

இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறி எடுத்து வந்து வைத்தவன் அப்படியே அடுப்படியில் சாய்ந்தாய். வசந்தி அலறிய சத்தம் என் வீடுவரை கேட்டது. உன் வீடு ரோட்டுக்குக் கீழே சரிவில் இருந்ததால் உன்னைப் படியேற்றித்தான் ஜீப்புக்குக் கொண்டுவர வேண்டும். தலைப்பக்கம் நான் பிடித்தேன். பாதிப் படிக்கு மேல் என்னால் முடியவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. உன்னைப் படியில் கிடத்திவிட்டு உன் பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து தூக்கும்வரை அப்படியே கிடந்தோம், நீயும் நானும். குன்னூர் போய்ச் சேருவதற்குள் நீ போய்விட்டாய். அந்தச் சில நிமிடம் உன்னைக் காப்பாற்றியிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

உன் காரியம் முடிந்த மறுநாள் நடக்க ஆரம்பித்தேன். முதல் வளைவிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆறு மாதம் பெல்ட்டின் கொக்கி ஒரு ஓட்டைகூட மாறவில்லை. சர்க்கரையில்லாத டீ முதலில் கஷாயம் மாதிரி இருந்தது, இப்போது அதுதான் டீ. என் வீட்டுக்காரி, அதாவது உன் அக்கா சரோஜா, எண்ணெய்ச் சட்டியைப் பரணில் ஏற்றிவிட்டாள். முழங்கால் பிசகிப் படுத்தபோது ஒன்பது கிலோ திரும்ப ஏறியது. அழுதேன். மறுபடியும் ரோட்டுக்குப் போனேன். நாலு வருடம் ஆனது கனகு. லாரியில் ஸ்டியரிங் வயிற்றில் இடிக்காமல் ஓட்டிய அன்று, யாரிடம் சொல்லிச் சிரிப்பது என்று தெரியாமல் வண்டியை ஓரம் கட்டிவிட்டேன்.

முகாம் முடிந்த வாரம் வசந்தியிடம் போனேன். பேக்கரியில் நான் சொன்னதை, ஏன் சொன்னேன் என்பதை, ஒன்று விடாமல் சொன்னேன். அவள் காரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தவில்லை.

"தெரியுங்ணா. அன்னைக்கே சொன்னாரு. மச்சான் தமாசுக்குத்தான் சொன்னாருன்னாரு. ஆனா போர்வையை இழுத்து மூடிட்டுப் படுத்துட்டாரு. மக்யா நாள் காலைல நானும் எழுப்பலை. தூங்கட்டும்னு உட்டுட்டேன்."

"என்னை ஏன் ஒரு வார்த்தை கேக்கலை வசந்தி?"

"கேட்டு என்னங்ணா ஆகுது?" என்றவள் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "நீங்க எளச்சு எளச்சு வர்றதைப் பாக்கறப்ப ஊரே சந்தோஷப்பட்டுது. எனக்கு மட்டும் வயிறு எரிஞ்சுது. இவரால முடியுதே, அவரால ஏன் முடியலைன்னு. உங்க மேல எனக்குக் கோவம் போகலைங்ணா. போகுமான்னும் தெரியலை. ஆனா சாப்பிட்டுட்டுப் போங்க."

சாப்பிட்டேன். அவள் கோபம் நியாயமானது. அதை ஆற்ற நான் எதுவும் செய்யப் போவதில்லை.

உன் மகள் நித்யா கோயம்புத்தூரில் நர்ஸிங் படிக்கிறாள். அவள் வந்திருந்தபோது அம்மாவுக்கு ரத்தம் பார்த்தாளாம், வசந்திக்கும் சர்க்கரை ஏறியிருக்கிறது. நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். தனியாகப் போக வெட்கமாக இருக்கிறது என்றாளாம். நித்யா எனக்கு போன் செய்து, "மாமா, நீங்க கூட்டிட்டுப் போவீங்களா?" என்று கேட்டாள். நேற்றுதான் எங்கள் நடைக்கு முதல் நாள். வசந்தி நூறடிக்கு ஒருமுறை நின்றாள். என்னோடு அதிகம் பேசவில்லை. அவள் நின்றபோதெல்லாம் நானும் நின்றேன்.

அவள் நிற்கிற இடத்திலெல்லாம் நானும் நிற்பேன், கனகு. அவள் வர மறுக்கிற காலையிலும் வாசலில் போய்க் காத்திருப்பேன். யாராவது அவளைப் பார்த்துச் சிரித்தால், முதலில் எழுந்து நிற்பவன் நானாகத்தான் இருப்பேன்.

உன்னோடு ஒரு நாளும் நடக்காத
உன் மச்சான்,
மயில்சாமி