வலது ஓரத்தில் நின்றவர்கள்

பிஸ்கட் டின்னைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தது. நீ போனபின் உன் சாமான்களில் எனக்கென்று வந்தவை இவைதாம்: நெகட்டிவ்கள் அடுக்கிய இந்த டின், படத்தைப் பெரிதாக்கும் அந்த என்லார்ஜர். உன் அம்மா கொடுத்தனுப்பினார். நான் கேட்கவில்லை. திருப்பி அனுப்பினால் அதற்கும் ஒரு பேச்சு வரும் என்று வாங்கிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். மழைக்காலம் முடியும்வரை அங்கேயே கிடந்தது.

உன் வீட்டுப் பின்பக்கக் குளியலறைதான் நம் இருட்டறை. ஜன்னலுக்குச் சாக்கு, கதவிடுக்கில் உன் பழைய சாரோங். மருந்தில் படம் எழும்பியதும் அதை வினிகர் கலந்த தண்ணீரில் போட்டு நிறுத்தவேண்டும். கடையில் அதற்கென்று விற்பதை வாங்காமல் அடுப்படியிலிருந்து மாக்கின், அதாவது உன் அம்மாவின், வினிகரைத் தூக்கிவருவாய். ஊறுகாய் போடும் நாளில் மாக் வந்து கதவைத் தட்டுவார்.

"சுக்கா மானா?" வினிகர் எங்கே என்று.

"படம் குடிச்சிருச்சு, மாக்."

"அப்ப ராத்திரிச் சோத்துக்கு அந்தப் படத்தையே தொட்டுக்க. மச்சானுக்கும் ஒண்ணு வை."

இதெல்லாம் உங்கள் மலாயில் நடந்த பேச்சு. கம்போங் செட்டியில் உங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக மலாயில் பேசி, தமிழ்ச் சாமிகளைக் கும்பிட்டு வருகிறவர்கள். உங்களிடம் மிஞ்சிய தமிழ், சாமி பெயர்களும் சில உறவுச் சொற்களும். மச்சான் அதில் ஒன்று. ஆங்கிலப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலேயே நீ என்னை அப்படித்தான் கூப்பிட்டாய். உன் தங்கையை நான் கட்டுவேன் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

கட்டியபோது இரண்டு பக்கமும் முகம் சுளித்தார்கள். தமிழ் பேசத் தெரியாத பெண்ணா என்றார்கள் என் ஆட்கள். ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்தவனா என்றார்கள் உன் பெரியம்மாமார்கள். கோயிலில் மாலை மாற்றி முடித்துக்கொண்டோம். அன்று மணப்பெண்ணின் அண்ணனாக ஓடியாடியதில் கேமராவைத் தொட உனக்கு ஒழியவில்லை. "பார்ச்சு அன்னிக்கு எடுத்துக்கலாம், மச்சான்," என்றாய்.

பொங்கலுக்கு முந்தின நாள் உங்கள் வீட்டில் பார்ச்சு. இறந்துபோனவர்களுக்கு இலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததை வைத்து, விளக்கேற்றிவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவீர்கள். அவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிடட்டும் என்று. உயிரோடிருக்கிற குடும்பம் முழுவதும் நல்ல உடுப்போடு, வேறு வேலையில்லாமல், வாசலில் நிற்கும் நேரம் வருடத்தில் அது ஒன்றுதான். அந்த நேரத்தில்தான் நீ எப்போதும் குடும்பப் படம் எடுப்பாய்.

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த வருடத்துப் பார்ச்சு, எனக்கு முதல் பார்ச்சு. அதற்குச் சற்று முன்புதான், சுதந்திரம் வரப்போகிறது என்று மூட்டை கட்டிய ஒரு வெள்ளைக்கார சார்ஜன்டிடம் அந்த என்லார்ஜரை வாங்கியிருந்தாய். அதுவரை நாம் நெகட்டிவைத் தாளோடு தாளாக ஒட்டவைத்து விளக்கைக் காட்டித்தான் படம் எடுத்தோம். நெகட்டிவ் எவ்வளவோ படமும் அவ்வளவு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். "இந்த வருஷம் தாம்பாளம் மாதிரி போட்டுக் கூடத்துல மாட்டறேன் பாரு," என்றாய். எனக்கு அப்போது அலோர்காஜாவில் வேலை. வாரக்கடைசியில் மட்டும் வருவேன். புது இயந்திரத்தில் நீ என்ன செய்தாய், எப்படிப் பழகினாய் என்று எதையும் நான் பார்க்கவில்லை.

எதிர்வீட்டு வேலியோடு முதுகு ஒட்ட நின்றுதான் கேமராவை வைக்கமுடியும். அதற்குமேல் பின்னால் போக இடமில்லை. கதவுக்குப் பக்கம், இடது கோடியில், மாக்கையும் பெரியம்மாமார்களையும் நாற்காலியில் உட்காரவைத்தாய். மற்றவர்களை வரிசையாக நிறுத்தினாய். நான் நடுவில் ஏதோ ஓரிடத்தில் நின்றிருந்தேன்.

"மச்சான், மாரி சினி. இங்க வா. என் பக்கம் நில்லு."

வலது கோடிக்கு வந்தேன். உன் தங்கை எனக்கு இந்தப் பக்கம். நீ விசையை முடுக்கிவிட்டு ஓடிவந்து எனக்கு அந்தப் பக்கம், தூணோடு தூணாக நின்றாய். "சிரிக்காதீங்க, உள்ளே தாத்தாமாருங்க சாப்பிடறாங்க," என்றாய். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கேமரா 'க்ளிக்' என்றது.

மெர்டேக்காவுக்காகக் கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்துப் படத்தை மாட்டினீர்கள். சொன்னபடியே தாம்பாளம் அளவு. விருந்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய் நின்று பார்த்தார்கள். செமாபோக்கிலிருந்து வந்திருந்த உன் அத்தை, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு உன் தங்கையிடம் திரும்பினாள்.

"உன் புருஷன் அன்னிக்கு வரலையா?"

நான் தட்டும் கையுமாகப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கிட்டப் போய்ப் பார்த்தேன். படத்தின் வலது ஓரத்தில் உன் தங்கை இருந்தாள். அவளுடைய இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. அதற்கப்புறம் வெள்ளை விளிம்பு. நீயும் இல்லை, ஆனால் படம் எடுத்தவனை யாரும் தேடமாட்டார்கள்.

அந்த மாதம் நாடு முழுவதும் ஒரே பேச்சு, இந்த மண்ணுக்கு யார் சொந்தம், யார் வந்தேறி என்று. அலுவலகத்தில் வெள்ளைக்காரன் விட்டுப்போன நாற்காலியில் என்னைவிட இளையவன் ஒருவனை உட்காரவைத்திருந்தார்கள். அதற்குக் காரணம் சொல்லவில்லை. உன் வீட்டுச் சுவரிலும் காரணம் சொல்லவில்லை. நீ என்னைப் பார்த்தாய். நான் பார்ப்பதையும் பார்த்தாய். "தாக் அப்பா லா, மச்சான்," என்றாய். பரவாயில்லை என்று. பரவாயில்லை என்று சொல்லவேண்டியவன் நான்தானே. நீ எப்படிச் சொல்லலாம் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

அதன்பின் உன் வீட்டுக்கு நான் வரவில்லை. உன் தங்கை தனியாக வந்துபோனாள். அவளுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. என்னை அபாங் என்றுதான் கூப்பிடுவாள்.

"படத்துல இல்லாட்டி என்ன, அபாங். வீட்டுல இருக்கீங்கல்ல. அதுவும் இந்த மூஞ்சியைத் தாம்பாளம் அளவுக்குப் பாக்கணுமா?"

ஸ்டூடியோவுக்குப் போய் அவளும் நானும் மட்டும் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டாள். படம் என்ற பேச்சே எனக்குக் கசந்திருந்தது. பிறகு பார்க்கலாம் என்றேன். பிறகு அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. அவளும் நானும் சேர்ந்து நின்ற ஒரே படம் அந்தப் பார்ச்சுப் படம். அதிலும் அவள் தனியாக நிற்கிறாள். காடு வரைக்கும் நாம் இருவரும் தோளோடு தோள் அவளைச் சுமந்தோம். அப்போதும் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது நீயும் போய்விட்டாய். டின்னில் அந்த நெகட்டிவ் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். முகங்களெல்லாம் கறுப்பு, தலைமுடியெல்லாம் வெள்ளை. எண்ணிக்கொண்டே போனேன். உன் தங்கைக்கு அடுத்து நான் இருந்தேன். எனக்கு அடுத்து நீ இருந்தாய்.

ஆக, எடுக்கும்போது இருந்தோம். பெரிதாக்கும்போதுதான் காணாமல் போனோம். பிரிண்டைக் கத்தரித்துவிட்டாய் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். ஆனால் வெட்டியிருந்தால் அந்தப் பக்கத்து வெள்ளை விளிம்பு போயிருக்கவேண்டும். சுவரில் இருந்த படத்துக்கு நான்கு பக்கமும் விளிம்பு இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இருட்டியதும் அடுப்படியை மூடிக்கொண்டு என்லார்ஜரை ஏற்றினேன். மருந்தில்லாமல் வெறும் வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்தேன். மாக் தெரிந்தார், பெரியம்மாமார்கள் தெரிந்தார்கள், கடைசியில் பாதிக் கையோடு உன் தங்கை. தாள் போதவில்லையோ என்று பெரிய தாளைப் போட்டேன். விளக்குத் தலையை மேலே ஏற்றினேன், கீழே இறக்கினேன். படம் ஊதிப் பெருத்தது, சுருங்கிச் சிறுத்தது. எந்த அளவிலும் அவள் கை அதே இடத்தில்தான் முடிந்தது.

பிறகுதான் நெகட்டிவை வைக்கும் சட்டத்தைக் கழற்றினேன். சார்ஜன்டின் கேமரா சதுரப் படம் எடுப்பது போலும். அவன் இயந்திரமும் சதுரத்துக்கே செய்தது. நம் கேமராவின் நெகட்டிவ் நீளவாக்கு. நீ பிஸ்கட் டின் தகட்டை வெட்டி, அரத்தால் ராவி, புதிய சட்டம் ஒன்று செய்து போட்டிருந்தாய். சுத்தமான வேலை. ஆனால் மேலே இருக்கும் கண்ணாடிவில்லை அந்தச் சதுரத்துக்குமேல் வெளிச்சம் தராது. நீளத்தில் ஒரு துண்டு எப்படியும் வெளியே கிடக்கும். நெகட்டிவை இந்தப் பக்கம் நகர்த்தினேன். நாம் இருவரும் உள்ளே வந்தோம், மாக் வெளியே போனார். அந்தப் பக்கம் நகர்த்தினேன். மாக் வந்தார், நாம் போனோம்.

சரி, இயந்திரக் கோளாறு, மகன் அம்மாவைக் காப்பாற்றினான் என்று அங்கேயே முடித்திருக்கலாம். டின்னின் அடியில் இன்னொரு நெகட்டிவும் அதன் பெரிய பிரிண்டும் இருந்தன. ஆளில்லாத உன் வீட்டு வாசல். இடது கோடியில் அதே நாற்காலிகள் காலியாக. நெகட்டிவில் வலது கோடியில் தூண் இருந்தது. பிரிண்டில் தூண் இல்லை. கதவில் பழைய வருடத்து மாவிலை சருகாகத் தொங்கியது. பார்ச்சுக்கு முன்பே எடுத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறாய்.

உனக்குத் தெரிந்திருக்கிறது. எந்தப் பக்கம் விழும் என்று தெரிந்துகொண்டுதான் என்னை நடுவிலிருந்து கூப்பிட்டாய். தெரிந்துகொண்டுதான் எனக்கும் அந்தப் பக்கம் போய் நீ நின்றாய்.

எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை. தட்டில் இருந்த சோறு காய்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் பழைய முறையிலேயே போட்டேன். தாள்மேல் நெகட்டிவ், அதன்மேல் கண்ணாடி, விளக்கு. மாக் வீட்டு வினிகர் இல்லை, கடை வினிகர். உள்ளங்கைப் படம் எழும்பியது. எல்லோரும் இருந்தார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சுவர்ப்படத்தில் முழங்கையோடு நின்றுபோன உன் தங்கையின் கை, இதில் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. பட்டணத்து ஸ்டூடியோவில் நீளவாக்கு நெகட்டிவ் முழுவதையும் பெரிதாக்கும் இயந்திரம் இருக்கிறது. கேட்டுவிட்டு வந்தேன். இன்னும் கொடுக்கவில்லை. பெரிதாக்கி எங்கே மாட்டுவது?

இந்த வருடப் பார்ச்சுக்கு மாக் ஆள் அனுப்பினார். போனேன். கூடத்தில் அதே படம். இலைகள் கூடியிருந்தன. உன் தங்கைக்கு ஓர் இலை, உனக்கு ஓர் இலை. உன் இலையில் மாக் ஊறுகாயை அள்ளி வைத்திருந்தார். "வினிகர் குடிச்சவன்தானே, இன்னும் கொஞ்சம் கெடக்கட்டும்," என்றார். நான் சட்டைப்பையிலிருந்து சின்னப் படத்தை எடுத்து நீட்டினேன். கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார்.

"கெச்சில் சங்காட். இவ்வளவு சின்னதுல என்ன தெரியும்?"

"இதுல எல்லாரும் இருக்கோம், மாக்."

"அவன் அப்பவே சொன்னான். அந்த மெஷின்ல எல்லாரையும் அடைக்க முடியாது, ரெண்டு பேர் வெளிய நிக்கணும்னு. நான் திட்டினேன். புது மாப்பிள்ளையையா வெளிய நிறுத்தறதுன்னு. அதுக்கு அவன், மச்சான்னா என்னை மாதிரி, அவனுக்குப் புரியும்னான்."

சொல்லிவிட்டுப் படத்தை என்னிடமே கொடுத்துவிட்டு விளக்கைத் தூண்டப் போனார்.

மச்சானுக்குப் புரியும். மாக்குக்கு அப்போதே இது தெரிந்திருக்கிறது. என்னிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. உன் தங்கைக்கும் தெரிந்திருக்குமா என்று கேட்க இப்போது ஆளில்லை. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். உன்னோடு சேர்ந்து வெளியே நிற்க நானே வந்திருப்பேனோ என்னவோ, அதை நான் முடிவு செய்திருக்கவேண்டும். நீ முடிவு செய்தாய். என்னை உன்னைப்போல நினைத்ததாகச் சொன்னாய், அதுவும் வேறொருவரிடம். இதை நான் இன்னும் விடவில்லை. விட்டுவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே.

கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வாசலுக்கு வந்தோம். உள்ளே நீங்கள் சாப்பிட ஆரம்பித்திருப்பீர்கள். கேமரா யாரிடமும் இல்லை. ஆனாலும் பழக்கத்தில் எல்லோரும் எதிர்வீட்டு வேலியைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். மாக் நாற்காலியில் உட்கார்ந்தபடி, "மாரி சினி, என் பக்கத்துல வந்து நில்லு," என்று என்னைக் கூப்பிட்டார்.

"இருக்கட்டும், மாக்," என்றேன்.

வலது கோடிக்குப் போய் நின்றேன். தூணுக்கும் எனக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம் விட்டிருந்தேன். கதவைத் திறக்கும்வரை அங்கேயே நின்றேன். படம் சட்டைப்பையில் இருந்தது.