தேர்தல் இல்லாத நாளில் ஒப்படைத்த துப்பாக்கி

அருணா அம்மாவுக்கு,

போனில் பேசினால் உன் பிள்ளை மாதேசுக்குக் கேட்கும். அதனால் இதைக் கம்பெனி பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அருணாவின் குழந்தையைப் பார்க்க நாளை நானும் ஓசூர் கிளம்பினால், வீட்டில் அவனும், பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கியும்தான். வேலை போனதிலிருந்து அவன் தூங்குவதில்லை. துப்பாக்கியைப் பீரோவில் பூட்டிச் சாவியைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். ஊரில் எல்லா வீட்டுச் சாவியும் அங்கேதான் இருக்கும். எடுத்து அரிசிப் பானையில் போட்டேன். சமைக்கப்போவது அவன் என்பது பிறகுதான் உறைத்தது.

காலையில் துப்பாக்கியையும் தோட்டாக்களையும் போலீஸ் ஸ்டேஷனிலேயே ஒப்படைத்துவிட்டேன். தேர்தலுக்கு மட்டும் அப்படிச் செய்வோம் இல்லையா, ஏட்டு திகைத்துப் போனார்.

"எலக்சன் எதும் வர்லியே பெரியவரே?"

"சானமாவு காட்டு யானைங்க வேட்புமனு போட்டிருக்குதுங்க சார்."

சிரித்துக்கொண்டே ரசீது கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாதேசு கேட்டான்: "துப்பாக்கி எங்கப்பா?"

"ஸ்டேசன்ல. நான் இல்லாதப்ப திருட்டுப் போயிட்டா?"

"நல்லதுப்பா. நானே சொல்லலாம்னு இருந்தேன்."

நாளை அவனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவன் வரவில்லை என்றால் நானும் வர மாட்டேன். வந்தால், குழந்தையை முதலில் அவன் கையில் கொடு. என் முறை வரும்வரை நான் காத்திருக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்